சிவப்பு பட்டனும் என் கட்டைவிரலும்

ஜூன் 3, திங்கள்

பரணிலிருந்து இன்று ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. இறக்கியவர் என் கணவர் ஜெயசிங். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் லேப் அசிஸ்டென்ட். பள்ளி திறந்த முதல் நாள், மனுஷர் களைத்துப்போய் வருவார் என்று டீ போட்டு வைத்திருந்தால், சட்டையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். தூசியில் எனக்கு ஒன்பது தும்மல்.

பெட்டிக்குள் அவருடைய பழைய டி.வி. கேம். எண்பத்தொன்பதில் அவருடைய மாமா மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்தது. கறுப்பு மெஷின் ஒன்று, ஜாய்ஸ்டிக் இரண்டு. ஒரு ஜாய்ஸ்டிக்கின் வயரை எலி எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. மிச்சமிருப்பது ஒன்றுதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுர டப்பா, நடுவில் குச்சி, இடது மூலையில் சிவப்பு பட்டன். இடது கையில் டப்பாவைப் பிடித்துக் கட்டைவிரலால் பட்டனை அமுக்க வேண்டும். வலது கையால் குச்சியை ஆட்ட வேண்டும்.

"முபாரக் தம்பி என்ன சொன்னாரு? விரல அமுக்குத மாதிரி எதாவது வேலை குடுக்கணும்னாரா இல்லையா?" என்றார். முபாரக் எங்கள் ஆஸ்பத்திரியில் ஃபிசியோதெரபி பார்ப்பவர்.

"அதுக்குத்தான் ஸ்பான்ஞ்சு பந்து குடுத்திருக்காருல்லா?"

"அத நீ பீரோவுக்கு அடியில உருட்டி விட்டுட்டு, காணும்னு சொல்லுத."

உண்மைதான். ஸ்பான்ஞ்சுப் பந்தை அமுக்குவதைப் போல அலுப்பான வேலை வேறு எதுவும் கிடையாது.

புது நோட்டு என்பதால் வார்டில் எழுதுவது போல நோயாளியின் விவரத்தை எழுதி வைக்கிறேன். பெயர் பியூலா ஜெயசிங். வயது 44. ஸ்டாஃப் நர்ஸ், பச்சிளங்குழந்தைகள் வார்டு, பத்தொன்பது வருஷ சர்வீஸ். பிப்ரவரியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது முழங்கை முறிவு. பிளேட் வைத்தாயிற்று, எலும்பு கூடிவிட்டது. உள்ளே ஓடும் நரம்பு ஒன்று நசுங்கியதால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நுனி மடங்குவதில்லை, பலம் இல்லை. நரம்பு தானாகத் தேறலாம், தேறாமலும் போகலாம். மனநிலை: கேட்க வேண்டாம்.

பிறந்து இரண்டு நாளான குழந்தையின் ரத்தக்குழாய் தையல் நூல் கனம்தான் இருக்கும். இடது கட்டைவிரலால் தோலை இழுத்து அமுக்கிப் பிடித்தால்தான் அது நழுவாமல் நிற்கும். ஊசி போடுவது வலது கை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பாதி வேலை இடது கைக்கு. அந்தக் கை இல்லாமல் என் வார்டில் எனக்கு வேலை இல்லை.

ஜாய்ஸ்டிக் வயர் நீளமாகத் தொங்கிக் கையை இழுத்தது. அதனால் டப்பாவை ஒட்டி அதை ஒரு சின்ன வளையமாக வளைத்து, அடிப்பக்கம் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டேன். ட்ரிப்ஸ் போட்டால் குழாயை வளைத்து ஒட்டியே பழகிய கை. தொங்குகிற எதையும் அப்படியே விட எனக்கு மனசு வராது.

ஜூன் 4, செவ்வாய்

பின்னறையில் கிடக்கும் பழைய டப்பா டி.வி.யில் ஜெயசிங் வயரைச் சொருகினார். கொஞ்சம் திருகிய பிறகு படம் வந்தது. மேலிருந்து வரிசை வரிசையாக விண்கலங்கள் இறங்குகின்றன. கீழே நம்முடைய பீரங்கி. குச்சியை ஆட்டினால் பீரங்கி நகரும். பட்டனை அமுக்கினால் குண்டு போகும்.

என் பீரங்கி அழகாக நகர்ந்தது. குண்டு மட்டும் போகவில்லை. பதினைந்து முறை அமுக்கினேன். அத்தனை விண்கலமும் நிதானமாக வந்து என் தலையில் இறங்கின.

"கொண்டா இங்க," என்று வாங்கினார். நான்கு ஸ்க்ரூவும் அடியில் இருப்பதால் முதலில் என் பிளாஸ்டரைப் பிய்த்தார். கழற்றினார், ஊதினார், ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தார், மூடினார். அமுக்கினார். டுப் டுப்பென்று குண்டு போனது. மூன்று ரவுண்டு ஆடி முடித்த பிறகுதான் பக்கத்தில் ஒரு பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிற ஞாபகம் வந்தது அவருக்கு.

வாங்கினேன். வயரை வளைத்து மறுபடியும் ஒட்டினேன். அமுக்கினேன். ஒன்றுமில்லை.

"பழசுல்லா, கொஞ்சம் சூடாவணும்," என்றார். ஜாய்ஸ்டிக் என்ன இட்லிக் கொப்பரையா?

ஜூன் 6, வியாழன்

இன்று முதல் கணக்காக எழுதப் போகிறேன். தினமும் காலையில் ஐம்பது முறை அமுக்குவது, எத்தனை குண்டு போனது என்று குறிப்பது. ஜுரம் குறிப்பது போலத்தான்.

ஐம்பதுக்கு 3.

மத்தியானம் மேட்ரன் ரோசலின் அம்மா போன் செய்தார். நர்சுகளுக்கெல்லாம் தலைவி. சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"பியூலா, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல சூசை ரிட்டயர் ஆவுதாரு. அந்த எடத்த உனக்குக் கேட்டு வாங்கிருக்கேன். ஃபார்ம் அனுப்புதேன், இந்த மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்திரு. அதுக்கு மேல வெளியில இருந்து ஆள் எடுத்திருவாவ."

"கை சரியாயிட்டுன்னா, மேட்ரன்?"

"ரெக்கார்ட்ஸுக்குப் போனா போனதுதான். வார்டுல உன் எடத்துக்கு வேற ஆள் வந்திரும். யோசிச்சுச் சொல்லு."

நல்ல வேலைதான். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஃபைல் அடுக்கலாம். நைட் டியூட்டி கிடையாது. ஜெயசிங்கிடம் சொல்லவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, மறந்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

ஊறுகாய்க்கு ஒரு கிண்ணம் பூண்டு உரித்தேன். ஐம்பதுக்கு 2.

ஜூன் 10, திங்கள்

ஜெயசிங் பள்ளிக்கூட லேபிலிருந்து, வயரில் கரண்ட் ஓடினால் பீப் என்று கத்தும் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து, பிளாஸ்டரைப் பிய்த்து, டப்பாவைத் திறந்து, வயரை நேராக நீட்டிப் போட்டார். உள்ளே ஐந்து தகடுகள். நான்கு திசைக்கு நான்கு, பட்டனுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி வயர் போகிறது. மீட்டரின் ஒரு ஊசியை இந்த முனையிலும் இன்னொன்றை அந்த முனையிலும் வைத்தார். ஐந்து முறையும் பீப் என்றது. அவர் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனது.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. தகடுல லேசா அழுக்கு. அதான்."

உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார், மாட்டினார். அவர் கையில் குண்டு மழை. வயரை இந்தத் தடவை இன்னும் இறுக்கமாக வளைத்து ஒட்டினேன், போன தடவை லேசாகப் பிரிந்துகொண்டு வந்தது. ஐம்பதுக்கு 1.

"நாளைக்கும் கழட்டிப் பாக்கேன்," என்றார். யாரும் கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ஃபிசியோதெரபி. முபாரக் தன் விரலை என் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கச் சொன்னார்.

"சிஸ்டர், நல்லா வருது. போன வாரத்துக்கு இந்த வாரம் தேவல."

சொல்லும்போது முகத்தைச் சுளித்து, நான் நசுக்கிவிட்டது போல வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருஷமாக நான் போட்டுக்கொண்டு திரியும் முகம். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க, பிள்ளை நல்லா தேறிட்டான், இன்னும் ரெண்டே நாள். இப்படியெல்லாம் எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருப்பேன். சொன்ன நேரத்தில் அதில் பாதி உண்மை கிடையாது. தப்பென்றும் நான் நினைத்ததில்லை, அவர்கள் அந்த இரண்டு நாளைத் தாண்ட வேண்டும்.

ஜாய்ஸ்டிக்குக்கு இந்தப் பழக்கமெல்லாம் இல்லை. அதற்கு என்னைத் தெரியாது, என் மேல் இரக்கமும் இல்லை. அமுக்கினால் குண்டு, இல்லாவிட்டால் இல்லை. இரண்டு பேரில் யாரை நம்புவது என்று கேட்டால் நான் ஜாய்ஸ்டிக்கைத்தான் நம்புவேன். முபாரக்கிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஐம்பதுக்கு 1.

ஜூன் 13, வியாழன்

ஜெயசிங் பட்டனுக்கு அடியில் இருந்த தகட்டையே எடுத்துவிட்டு, லேபில் கிடந்த புது ஸ்விட்ச் ஒன்றை வைத்து ஈயம் வைத்தார். இப்போது அமுக்கினால் டிக் என்று சத்தம் கேட்கிறது. ஆட்டத்தை முழு இரைச்சலில் வைத்து ஆடினார். எழுநூறு எடுத்தார். பனியனோடு உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, நாற்பத்தெட்டு வயது மனுஷர். எரிச்சலாக வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

வயரை ஒட்டி, ஆடினேன். என் கட்டைவிரலுக்கு அடியிலும் டிக் என்ற சத்தம் கேட்டது போலத்தான் இருந்தது. டி.வி.யில் ஒன்றும் போகவில்லை. ஆசைப்பட்டதைக் காது கேட்கும். வார்டில் பார்த்திருக்கிறேன். பிள்ளை அசையாதபோதும் அசைந்தது என்று அம்மாக்கள் சத்தியம் செய்வார்கள்.

0.

ஜூன் 15, சனி

எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டருக்குத் திருப்தி. எங்கள் வார்டு இரண்டாம் மாடியில். அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை, எப்படியோ போயிருந்தேன்.

கண்ணாடிக்கு உள்ளே ஜூனியர் நர்ஸ் செல்வக்கனி, மஞ்சள்காமாலை வந்த ஒரு குழந்தைக்கு ட்ரிப்ஸ் லைன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு குத்து. இரண்டு. மூன்றாவதிலும் வரவில்லை. தலையைத் தூக்கினவள் என்னைப் பார்த்துவிட்டு, "எக்கா!" என்று கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிறகு என் கையைப் பார்த்தாள். நிம்மதி போய்விட்டது.

"கால்ல பாரு. கணுக்காலுக்கு முன்னால," என்று மட்டும் சொன்னேன். இடது கை முந்தானைக்குள் இருந்தது. அவளுக்குக் கிடைத்ததா என்று நின்று பார்க்கவில்லை. நல்ல வெயில், பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் ஆட்டோவில் வந்துவிட்டேன். அதற்கு முன், மாடி இறங்கும்போது ரெக்கார்ட்ஸ் செக்ஷனை எட்டிப் பார்த்தேன். ஃபேன் நன்றாகத்தான் சுற்றுகிறது. மேட்ரன் அனுப்புவதாகச் சொன்ன ஃபார்மை நேரிலேயே வாங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

சண்டை. காரணம் நான்தான், எழுதிவிடுகிறேன்.

நான் ஆடிக்கொண்டிருந்தேன். ஆடுவது என்ன, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று அமுக்கிக்கொண்டிருந்தேன். ஜெயசிங் பின்னால் வந்து நின்றவர், குனிந்து, என் கட்டைவிரல் மேல் தன் கட்டைவிரலை வைத்து அமுக்க வந்தார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். ஜாய்ஸ்டிக் கீழே விழுந்தது.

"நான் என்ன செஞ்சிட்டேன்னு இப்பிடிக் கோவப்படுத?"

"நீங்க அமுக்கித்தான் குண்டு போவணும்னா அது எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் நீங்களே ஆடிக்கிடுங்க."

"ஏ பியூலா, ஜாய்ஸ்டிக்குல கோளாறு இருக்கு, நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்?"

"சவத்த விடுங்க. அதுல ஒரு கோளாறும் கிடையாது."

அடுக்களைக்குப் போய் அவரே தோசை சுட்டார். இரண்டு தோசை எனக்கு வைத்தார், ஒன்று ஓரம் கருகியது. சாப்பிட்டேன்.

ஜூன் 19, புதன்

0. ஒரு வாரமாக 0.

நான் பத்தொன்பது வருஷம் சார்ட் எழுதியவள். 3, 2, 1, 1, பிறகு வரிசையாக 0 என்று ஒரு சார்ட்டைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஃபார்மை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, இந்த நோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன். தேதி போடவில்லை.

ஜூன் 20, வியாழன்

தலையணை உறைகள் துவைத்து, மாட்டி, பட்டன் போட்டேன். ஆறு உறை. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

ஜூன் 22, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை பத்து மணி. அடுப்பில் சோறு. ஜெயசிங்குக்குப் பள்ளியில் ஸ்டாக் எடுக்கும் வேலை, ஒரு மணிக்குத்தான் வருவார். ஐம்பதை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முந்தின நாள் அவர் வழக்கம்போலக் கழற்றி மாட்டி வைத்திருந்தார், அடியில் பிளாஸ்டர் இல்லை. ஒட்டலாம் என்று டிராயரைத் திறந்தால் ரோலில் வெறும் அட்டைதான் இருக்கிறது. திங்கட்கிழமையே வாங்கி வரச் சொன்னேன். சண்டையில் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

சரி, தொங்கினால் தொங்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்து அமுக்கினேன்.

குண்டு போனது.

பட்டன் மாட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். விரலை எடுத்தேன். நின்றது. அமுக்கினேன். போனது. எடுத்தேன், நின்றது. மேல் வரிசையில் ஒரு விண்கலம் வெடித்துச் சிதறியது. நான் சுட்டதா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யார் இருக்கிறார்கள்?

எண்ணினேன். ஐம்பதுக்கு 44. சோறு பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது, எழுந்து போகவில்லை.

ஒரே நாளில் எந்த நரம்பும் பூஜ்யத்திலிருந்து நாற்பத்து நாலுக்கு வராது. அதனால் சந்தோஷப்படக்கூடப் பயமாக இருந்தது. நேற்றுக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். விரல் அதே விரல். ஜாய்ஸ்டிக் அதே ஜாய்ஸ்டிக். இன்று பிளாஸ்டர் இல்லை, அவ்வளவுதான். பீரோ தட்டில் முதலுதவிப் பெட்டிக்குள் ஒரு துண்டு கிடந்தது. எடுத்து, வயரை வழக்கம்போல வளைத்து இறுக்கி ஒட்டினேன். ஐம்பது அமுக்கினேன். 0. பிய்த்தேன். ஐம்பதுக்கு 46. ஒட்டினேன். 0. பிய்த்தேன், வயரை மட்டும் விரலால் மடக்கிப் பிடித்தேன். 0. விட்டேன். போனது.

லைன் மடங்கியிருக்கிறது!

ட்ரிப்ஸ் ஓடவில்லை என்றால் பிள்ளையை மறுபடி குத்தப் போகாதே, முதலில் பாட்டிலிலிருந்து கை வரைக்கும் லைன் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா பார். வார்டுக்கு வரும் ஒவ்வொரு புது நர்சுக்கும் முதல் நாளே நான் சொல்வது இதைத்தான். பாராமல் குத்தியவர்களைக் கண்ணீர் வரும்வரை திட்டியிருக்கிறேன். அதே நான் மூன்று வாரமாக என் கையாலேயே லைனை மடக்கி, அது அசையாமல் இருக்க அழகாக பிளாஸ்டரும் போட்டு, ஓடவில்லை ஓடவில்லை என்று என் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னையே நாலு திட்டுத் திட்டிவிட்டு, அப்புறம் சிரித்தேன், அப்புறம் அடுப்பை அணைத்தேன்.

ஒரு மணிக்கு ஜெயசிங் வந்தார். செருப்பைக் கழற்ற விடவில்லை. வயரை ஒட்டி வைத்திருந்த ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்தேன்.

"அமுக்குங்க."

"கழட்டிப் பாத்துட்டு..."

"கழட்டக் கூடாது. இப்பிடியே அமுக்குங்க."

அமுக்கினார். ஒன்றும் போகவில்லை. முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார், இன்னும் பலமாக அமுக்கினார். நல்ல பலமுள்ள, ஒரு நரம்பும் நசுங்காத, ஆம்பிளைக் கட்டைவிரல். ஒன்றும் போகவில்லை. நான் பிளாஸ்டரைப் பிய்த்துவிட்டு, என் இடது கையில் வாங்கி, அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு வரிசை முழுவதையும் சுட்டு வீழ்த்தினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வயருக்குள்ள முறிஞ்சிருக்கு," என்றார். "நேரா இருந்தா தொட்டுக்கிடுது, வளைச்சா விட்டுருது. நான் நேரா நீட்டிப் போட்டுல்லா மீட்டர் வச்சேன். லேப்ல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியல பாரு எனக்கு." பிறகு மெதுவாக, "பியூலா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. மீட்டர் வச்ச அன்னைக்கே ஜாய்ஸ்டிக்குல ஒண்ணுமில்லன்னு முடிவு பண்ணிட்டேன். உன் விரலுதான் வரலன்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்கு தெனமும் கழட்டுனிய? புது ஸ்விட்ச்சு எதுக்கு?"

"பழி அது மேலயே கெடக்கட்டும்னுதான். நான் கழட்டுதத நிறுத்திட்டா, அப்புறம் உன் விரலுன்னுல்லா ஆயிரும்?"

இவர் நன்றாக இருப்பதாக நினைத்த ஒரு சாமானைத் தினமும் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார், எனக்காக. முபாரக் தம்பியைக் குற்றம் சொன்னேனே, வீட்டுக்குள்ளேயே ஒருவர் முகத்தை மாற்றி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று அவர் விரலை என் விரல்மேல் வைக்க வந்தபோது பேசாமல் இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

நோட்டுக்குள்ளிருந்து ஃபார்மை எடுத்துக் காட்டினேன். படித்தார்.

"இத நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க மட்டும் சொன்னியளா?"

அடிப்பிடித்த சோற்றை மேலாக வழித்து, மோர் ஊற்றி இரண்டு பேரும் சாப்பிட்டோம். இவ்வளவு ருசியாக நான் சமீபத்தில் எதையும் சாப்பிட்டதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

கோயிலில் என்ன பிரசங்கம் என்று கேட்டால் தெரியாது. பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் கட்டைவிரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடங்குகிறது! பூண்டு உரித்தபோது, பட்டன் போட்டபோதெல்லாம் இதே விரல்தான் மடங்கியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஜெயசிங் வயரின் கழுத்தில் இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை உள்ளே வைத்து ஈயம் வைத்தார். இனி எப்படி வளைத்தாலும் குண்டு போகிறது. என் மார்க் ஐந்நூற்று இருபது. அவரை இன்னும் முந்தவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

முபாரக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்து என் ஃபைலை எடுத்துத் திருப்பிக் காட்டினார். வாரா வாரம் கட்டைவிரலின் பலத்தை எண்ணாகக் குறித்து வைத்திருக்கிறார். மே மாதம் ஒன்று, ஜூன் முதல் வாரம் இரண்டு, போன வாரம் மூன்று. ஐந்துதான் முழுப்பலம்.

"நான் சொன்னேம்லா சிஸ்டர்? நீங்க எங்க நம்புனிய? சரி சரின்னுட்டுப் போயிட்டே இருந்திய."

"நீங்க மூஞ்சிய அப்பிடி வச்சிருந்தியளே தம்பி, வலிக்கிற மாதிரி."

"வலிச்சுது சிஸ்டர். உங்க நகம்."

நகத்தை வெட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னேன். இன்று மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் என்று குறித்தார்.

ஜூன் 27, வியாழன்

மேட்ரன் அறைக்குப் போனேன். ரெக்கார்ட்ஸ் வேண்டாம், வார்டுக்கே வருகிறேன் என்றேன். முபாரக்கின் குறிப்பைக் காட்டினேன். டி.வி. கேம் கதையையும் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "பேப்பர்ல மூணு, நாலுன்னு எழுதியிருக்கு. நீ டி.வி.யில சுட்டுட்டேன்னு சொல்லுத. இத வச்சுப் பச்சப் பிள்ளையள உன் கையில நான் எப்பிடிக் குடுப்பேன்?"

நியாயமான கேள்வி. அவர் எழுந்து ஊசி டிரேயை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். வெள்ளைச் சேலையின் ரவிக்கைக் கையை மேலே தள்ளி, புறங்கையை என் முன்னால் நீட்டினார்.

"இந்தா. எனக்குப் போடு பாப்போம்."

மேட்ரனுக்கு ஐம்பத்தேழு வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. அவர் கையில் ரத்தக்குழாய் கிடைக்காது என்று லேப்காரர்கள் இவர் முறை வந்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கையைக் கழுவினேன். மணிக்கட்டுக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினேன். தடவிப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் ஒன்று, மெலிசு, தொட்டால் நகர்கிறது. இடது கட்டைவிரலைக் கீழே வைத்துத் தோலை இழுத்தேன். நுனி மடங்கியது. நடுங்கியது, இல்லையென்று எழுத மாட்டேன். ஆனால் பிடித்துக்கொண்டு நின்றது. குத்தினேன்.

ரத்தம் ஏறியது. முதல் குத்து.

மேட்ரன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பாராட்டு எதுவும் வரவில்லை, அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "எடுத்திரு. ரவுண்ட்ஸ் போணும்," என்றார். எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அமுக்கினேன். அவர் பேசத் தொடங்கினார். ஒரு மாதம் பகல் ஷிஃப்ட் மட்டும். இரண்டு குத்தில் வராவிட்டால் வீம்பு பிடிக்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும். வாரா வாரம் முபாரக்கின் பேப்பர் அவர் மேஜைக்கு வர வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டியூட்டி. எல்லாவற்றுக்கும் சரி மேட்ரன், சரி மேட்ரன் என்றேன். ஷிஃப்ட் சார்ட்டைப் பற்றி, லீவு கேட்டவர்களைப் பற்றி, லிஃப்ட் ரிப்பேரைப் பற்றி எல்லாம் பேசினோம்.

"பியூலா," என்றார் நடுவில். "விடும்மா. ரத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு."

குனிந்து பார்த்தேன். அத்தனை நேரமும் பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தது என் இடது கட்டைவிரல்.

ஜூலை 1, திங்கள்

மூன்று அட்மிஷன், அதில் ஒன்று இரட்டை. நான்கு லைன். மூன்று நான் போட்டேன். நாலாவது இரண்டு குத்திலும் கிடைக்கவில்லை, செல்வக்கனியைக் கூப்பிட்டேன், அவள் போட்டாள். அவ்வளவு பேருக்கும் ரிப்போர்ட் எழுதியதில் கை வலிக்கிறது. வலது கை.